எண்ணெயை மாற்றினால் வெயில் சுடாதா?

ஆசிரியருக்கு,

சூரியகாந்தி, சோயா போன்ற விதை எண்ணெயை நிறுத்தினால் சன்ஸ்கிரீனே வேண்டாம் என்கிறார்கள் சிலர். அவ்வளவு எளிதல்ல. புற ஊதாக் கதிர் பட்டதும், தோல் செல்களின் சவ்விலுள்ள அராகிடோனிக் அமிலத்திலிருந்து (விதை எண்ணெயிலுள்ள ஒமேகா-6 கொழுப்பிலிருந்தும் உடல் உருவாக்கும் கொழுப்பு அமிலம்) புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற அழற்சிப் பொருள் உருவாகிறது. தோல் சிவந்து எரிவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. மீன் எண்ணெயிலுள்ள இபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலம் அந்த அமிலத்தின் இடத்தைப் பிடித்தால் சிவப்பு குறையும். 2003இல் வெளியான ஆய்வொன்றில், தினமும் 4 கிராம் இபிஏ வீதம் 3 மாதம் எடுத்தவர்களின் தோல் சிவக்கத் தேவையான கதிரளவு, சதுர செ.மீ.க்கு 36இலிருந்து 49 மில்லிஜூலாக உயர்ந்தது. சன்ஸ்கிரீனின் பாதுகாப்பைக் குறிக்கும் எஸ்பிஎஃப் கணக்கில் 1.4கூட இல்லை! அதற்கே, 180 மி.கி. இபிஏ உள்ள மாத்திரை தினம் சுமார் 22 விழுங்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. சன்ஸ்கிரீனைத் தாராளமாகப் பூசி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள்.