சனிக்கிழமை பெண்டில் ஹில்லுக்குக் கார் எடுத்து வரும் நம்மவர்களுக்கு

அன்புள்ள உறவுகளே,

சிட்னியின் எந்த மூலையில் குடியிருந்தாலும் சனிக்கிழமை பின்னேரம் நீங்கள் எங்கள் ஊருக்கு வந்துவிடுவீர்கள். சிவப்பரிசி மா, ஐஸில் கிடந்த முருங்கைக்காய், ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ், இரவுக்குக் கொத்து. வாருங்கள். நீங்கள் வராவிட்டால் இங்கே பாதிக் கடை பூட்டிவிடும்.

ஆனால் காரை எங்கே விடுகிறீர்கள் என்பதைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

எங்கள் தெரு கடைகளுக்குப் பின்பக்கம். பக்கத்து வீட்டில் மால்டாக்கார அம்மா ஒருவர், எண்பது தாண்டியவர். போன சனிக்கிழமை தேவாலயத்து மாலைப் பூசைக்குப் புறப்பட்டால், வாசலை அடைத்தபடி ஒரு வெள்ளை வான். உள்ளே ஆள் இல்லை. கொத்துக்கடை வரிசையில்தான் ஆளைப் பிடித்தேன். "அஞ்சு நிமிசம்தானே அண்ணை, ஓடர் குடுத்திட்டன்" என்றார். தகரத் தட்டு டக டக என்று அடிபடுகிறது, அவருக்கு முன்னால் ஆறு பேர். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னார்: "இஞ்ச எல்லாம் நம்மட ஆக்கள்தானே, ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

அம்மா அன்று பூசைக்குப் போகவில்லை.

வானைவிட அந்த வார்த்தைதான் எனக்கு உறுத்தியது. எங்கள் தெருவில் பதினொரு வீடு, அதில் தமிழ் வீடு நாலு. மற்றதெல்லாம் குஜராத்தி, லெபனான், பிலிப்பைன்ஸ், சீனம் என்று கலந்து கிடக்கிறது. அந்த அம்மா 1960-களில் வந்து, இங்கிருந்த பாண்ட்ஸ் ஆலையில் பெனியன் தைத்தவர். 2009-இல் தையல் வேலையெல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறது என்று அறிவித்தபோது, ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகியும் அழுதாராம். அவருக்கும் முந்தியவர்கள் இந்த மண்ணின் ஆதிக்குடிகளான டாருக் மக்கள். பக்கத்தில் துங்காபி, துங்காபி என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அது அவர்களுடைய சொல். 1791-இல் ஆங்கிலேயர் அங்கே கைதிகளை வைத்து அரசாங்கப் பண்ணை போட்டார்கள். 1797-இல் பெமுல்வுய் என்ற ஆதிக்குடிப் போராளி ஆட்களோடு வந்து அந்தப் பண்ணையைத் தாக்கினார். இந்த மண்ணை "நம்மட" என்று சொல்ல எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், பாருங்கள்.

அந்த அம்மாவுக்கு வேலிக்கு மேலால் நான் ரோல்ஸ் கொடுப்பேன். அவர் பஸ்டிட்சி கொடுப்பார். கடலை மாதிரிப் பட்டாணியை மசித்து உள்ளே வைத்த மொறுமொறுப் பலகாரம். முதல்முறை கடித்தபோது திடுக்கிட்டேன், உள்ளே கறித்தூள்! என் ரோல்ஸுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் "உன் பஸ்டிட்சி".

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு தெரு தள்ளி விட்டால் எப்போதும் இடம் இருக்கும், நடந்து வரலாம். ரயில் நிலையமும் கடை வாசலில்தான். பூசை ஆறு மணிக்கு. அம்மா ஐந்தரைக்குக் காரை எடுப்பார். வரும் சனிக்கிழமை அந்த நேரத்துக்கு நான் வாசலில் நிற்பேன், தெரிந்த முகமென்றாலும் விடமாட்டேன்.

இப்படிக்கு,
கடைத்தெருவின் பின்பக்கத்து ஆள்