கடைசி இரண்டு ரவைகள்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள சிவா,

கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கே எல்லாரும் சுகம். கச்சான் எழும்பிவிட்டது, மத்தியானத்தில் வெளியே தலைகாட்ட முடியாது. ஆனால் கடல் அமர்ந்து கிடக்கிறது, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் நடமாட்டம் அதிகம். அம்மா உன்னை விசாரித்தா. ஊர்க்கதை கொஞ்சம் பொறுக்கட்டும். நாலு பக்கமும் நீ பிஸ்டலில் ரவை, அதாவது தோட்டா, சிக்குவதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய், அதை முதலில் பார்ப்போம்.

உன் சுடும் கிளப்பில் ஒருவர், ரவை குழலுக்குள் ஏற வழிவிடும் சரிவை எமரித் தாளால் தேய்த்து மினுக்கச் சொன்னாராம். தயவுசெய்து கை வைக்காதே. உன்னுடையது சிக் பி210. சுவிஸ் இராணுவம் 1949 இல் எடுத்து, 1975 வாக்கில் பி220 வரும்வரை வைத்திருந்த துவக்கு. அதன் சரிவு பிழையென்றால் உன் 3 மகசினிலும், அதாவது ரவை நிரப்பிப் பிடிக்குள் செருகும் கூடுகளிலும், ரவை சிக்கியிருக்கும். உனக்குச் சிக்குவது ஒன்றில் மட்டும். தேய்த்தெடுத்த உருக்கைத் திரும்ப ஒட்ட முடியாது, மகசினை மாற்றலாம்.

ஆகவே முதல் வேலை, 3 மகசினிலும் அடித்தட்டில் பெயின்ரால் 1, 2, 3 என்று இலக்கம் போடு. சிக்கும் மகசினுக்கு 2. றேஞ்சில் ஒரு கொப்பியும் பென்சிலும் வைத்துக்கொள். ரவை சிக்கினால் உடனே ஸ்லைடை, மேலே முன்பின் ஓடும் பகுதியை, இழுத்து உதறிவிடாதே. விரல் விசையை விட்டு வெளியே, குழல் இலக்குப் பக்கம், அப்படியே வைத்து ஒருமுறை வடிவாகப் பார். எந்த மகசின், எத்தனையாவது ரவை, ரவை எந்த நிலையில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு பிறகு மகசினைக் கழற்று. இந்தக் குறிப்பு இல்லாமல் யார் சொல்லும் வைத்தியமும் குருட்டு வைத்தியம்தான்.

நீ எழுதியபடி, 8 போட்டால் முதல் 6 ஒழுங்காக ஏறுகிறது. ஏழாவதும் எட்டாவதும் மூக்கைக் குத்திக்கொண்டு சரிவின் அடியில் முட்டி நிற்கின்றன. சிலவேளை கடைசி ரவை சுட்ட பிறகு ஸ்லைட் திறந்து நிற்காமல் மூடிவிடுகிறது. இந்த இரண்டு குறியும் ஒரே மகசினில் வந்தால் என் கை முதலில் போவது ஸ்பிரிங்குக்கு. மகசின் நிறைந்திருக்கும்போது ஸ்பிரிங் நன்றாக அமுங்கியிருக்கும், தள்ளும் பலமும் அதிகம். ரவை குறையக் குறைய அது நீள்கிறது, பலம் இறங்குகிறது. கடைசி ரவைக்கு மிஞ்சுவதுதான் ஆகக் குறைந்த பலம். தளர்ந்த ஸ்பிரிங் முதலில் கைவிடுவது அந்த இடத்தில்தான். திறந்து நிற்பதும் அதே ஸ்பிரிங்கின் வேலை: வெறும் மகசினில் ஃபொலோவர், அதாவது ரவைகளைத் தாங்கித் தூக்கும் தட்டு, ஸ்லைடைத் திறந்தபடி நிறுத்தும் நெம்பான ஸ்லைட் ஸ்டொப்பை மேலே தள்ளவேண்டும்.

இதில் நேரமும் ஒரு காரணம். சுட்டதும் ஸ்லைட் பின்னால் ஓடித் திரும்பி வருவதற்கு ஒரு செக்கனில் பத்திலொரு பங்குகூட எடுக்காது. அது திரும்புவதற்குள் அடுத்த ரவை உதடுகளுக்கு, அதாவது மகசின் வாயில் ரவையைப் பிடித்துவைக்கும் மடிந்த விளிம்புகளுக்கு, அடியில் போய் இறுகி நிற்கவேண்டும். பிந்தினால் ஸ்லைட் ரவையின் தலைக்கு மேலால் ஓடி வெறும் சேம்பரில் (குழலின் பின்முனையில் ரவை இருக்கும் அறை) மூடும், அல்லது கோதின் (ரவையின் உலோக உறை) நடுவில் பிடிக்கும், அல்லது முன்பக்கம் தாழ்ந்து நிற்கும் ரவையைத் தள்ளிச் சரிவின் அடியில் குத்தும். உனக்கு நடப்பது கடைசியாகச் சொன்னது.

இதே காரணத்தால், மகசினில் பழுதில்லாமலும் இந்தக் குறி வரலாம் என்பதை மறவாதே. ஸ்லைடைத் திருப்பும் ஸ்பிரிங் தேய்ந்திருந்தால் ஸ்லைட் பின்னால் வேகமாக அடிக்கும். தேவைக்கு மேல் கடினமானதைப் போட்டால் முன்னுக்கு வேகமாக வரும். மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைட் முழுத்தூரம் போகாமலே திரும்பும். ஆனால் இவை இலக்கம் பார்த்து வருவதில்லை, எல்லா மகசினிலும் தலைகாட்டும். அதேபோல 3 மகசினிலும் ஸ்லைட் திறந்து நிற்கவில்லையென்றால் உன் பெருவிரல் எங்கே இருக்கிறது என்று பார். உயரப் பிடிக்கிறவர்கள் ஸ்லைட் ஸ்டொப்பைத் தங்களை அறியாமலே அமுக்கிக்கொண்டிருப்பார்கள்.

இனி வீட்டு மேசை. மகசினைக் கழற்று, ஸ்லைடைப் பின்னால் பூட்டு, சேம்பரைக் கண்ணாலும் சின்ன விரலாலும் பார். உண்மை ரவை அந்த அறைக்குள்ளேயே வேண்டாம். சோதனைக்குப் போலி ரவை 8 வாங்கு, நீளமும் மூக்கும் உண்மையானதைப்போல உள்ளதாகப் பார்த்து.

வெறும் 2 ஆம் இலக்க மகசினை எடுத்து ஃபொலோவரை ஒரு மரக்குச்சியால் அடிவரை மெல்ல அமுக்கி, மெல்ல விடு. முழுத்தூரமும் வழுக்கி வரவேண்டும். நடுவில் எங்காவது தயங்கினால் அந்த இடத்தில் குழாய் நெளிந்திருக்கிறது அல்லது அழுக்கு இறுகியிருக்கிறது. முன் ஓரத்தை மட்டும் அமுக்கிப் பார், பின் ஓரத்தை மட்டும் அமுக்கிப் பார். முன்பக்கம் தொய்ந்து அப்படியே நின்றால் மூக்குக் குத்துவதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அடித்தட்டைக் கழற்றும்போது கண்ணாடி போடு, பெருவிரலால் வாயை மூடிக்கொண்டு வழுக்கி எடு. ஸ்பிரிங் முகத்துக்குத்தான் பாயும். வெளியே எடுக்குமுன் அது எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று படம் எடு. மேல்சுற்றின் சாய்வு ஃபொலோவரின் முன்பக்கத்தைத் தாங்கும்படி இருக்கவேண்டும். துடைத்துவிட்டு முன்பின்னாக மாறிப் போட்டதால் வந்த சிக்கல்கள், தேய்ந்த ஸ்பிரிங்கால் வந்தவற்றுக்குக் குறைவில்லை. 1 ஆம் இலக்கத்தின் ஸ்பிரிங்கையும் எடுத்துப் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிடு. கண்ணுக்குத் தெரியுமளவு கட்டையாக இருந்தால் மாற்று. கையால் இழுத்து நீட்டி வைக்காதே. இரண்டு கிழமைக்கு வேலை செய்யும், பிறகு பழையபடி.

ஸ்பிரிங்குகளைப் பிரித்ததுதான் பிரித்தாய், அவற்றை மாற்றிப் போட்டுவிடு. 1 இன் ஸ்பிரிங் 2 இல், 2 இன் ஸ்பிரிங் 1 இல். ஃபொலோவர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். றேஞ்சில் பிழை 1 க்குத் தாவினால் குற்றவாளி ஸ்பிரிங். 2 இலேயே நின்றால் குழாய், உதடு அல்லது ஃபொலோவர். காசு செலவில்லாத சோதனை இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ஸ்பிரிங்கும் மாற்றி ரவை வகையும் மாற்றினால் எது சுகப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது.

உதடுகளை அளக்க நுண்ணளவுக் கருவியான வேர்னியர் வேண்டும். இரண்டு உதட்டுக்கும் இடையிலுள்ள உள் இடைவெளியை முன், நடு, பின் என்று மூன்று இடத்தில் அள, ஒழுங்காக வேலைசெய்யும் 1 ஐயும் 3 ஐயும் அதேபோல அளந்து பக்கத்தில் எழுது. நெற்றில் கிடைக்கும் பொது அளவுகளை நம்பவேண்டாம், ஒவ்வொரு மகசினுக்கும் வேறு வேறு. நீ சுடும் 9 மில்லிமீற்றர் லூகர் ரவையின் கோது அடியில் 9.93, வாயில் 9.65, முன்னுக்குச் சற்று ஒடுங்கியது. உதடு விரிந்திருந்தால் ரவை நேரத்துக்கு முன்பே கழன்று மூக்கை வானத்துக்குத் தூக்கும், சிலவேளை இரண்டு ஒன்றாகப் பாயும். ஒடுங்கியிருந்தால் பின்பக்கத்தைப் பிடித்துவைத்து மூக்கைத் தாழ்த்தும். உதட்டின் பின்மூலையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார், மயிர் அளவு வெடிப்பு இருந்தாலும் அந்த மகசின் போட்டிக்கு ஆகாது. குறட்டால் வளைத்துச் சரிசெய்யும் ஆட்களிடம் கொடுத்துவிடாதே. பதமேற்றிய தகடு, ஒரு பக்கம் வளைத்தால் மறுபக்கம் வெடிக்கும்.

இரண்டு ரவை ஒன்றாகப் பாய்வதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சுட்ட வெறும் கோது சேம்பரிலேயே இருக்க, அதன் முதுகில் அடுத்த ரவை வந்து முட்டினாலும் தூரத்திலிருந்து அதே காட்சிதான். அதில் மகசினுக்குப் பங்கில்லை. கோதை இழுக்கும் நகத்தையும் சேம்பர் அழுக்கையும் பார்க்கவேண்டும்.

பி210 இன் பழைய மாதிரியில் மகசினைப் பிடிக்கும் கொழுக்கி பிடியின் அடியில், குதிப் பக்கம் இருக்கிறது. அது அடித்தட்டின் பின்விளிம்பைத் தாங்குகிறது. அந்த விளிம்பு தேய்ந்தாலோ அடித்தட்டு முழுதாக ஏறாமல் இருந்தாலோ மகசின் ஒரு நூலளவு தாழ்ந்து நிற்கும், ஸ்லைட் ரவையின் மேலால் ஓடும். துவக்கு வெறுமையாக இருக்கும்போது மகசினை மேல்நோக்கி அமுக்கி, மூன்று மகசினிலும் ஆட்டம் எவ்வளவு என்று ஒப்பிடு.

ரவை கம்பனியுடையதென்றால் நீளத்தில் கவலையில்லை. கிளப்பில் திரும்ப நிரப்பியதை வாங்குகிறாய் என்றால் அள. மொத்த நீளம் 29.69 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது, தாண்டினால் குழாயின் முன்சுவரில் உரசும். மிகவும் கட்டையானதும் மூக்குக் குத்தும்.

உள்ளே எண்ணெய் விடுகிறாயா என்று நீ எழுதவில்லை. விடாதே. எண்ணெயில் சுட்ட மருந்துக் கரி ஒட்டிப் பசையாகும், ரவையின் அடியிலுள்ள தீமூட்டியான பிரைமருக்குள்ளும் இறங்கலாம். இங்கே உப்புக்காற்றில் உருக்குச் சாமானுக்கு எண்ணெய்த் துணி அவசியம், அதுகூட வெளிப்பக்கம் மட்டும், பிறகு வரட்டுத் துணியால் துடைத்துவிட்டு. நீ இருக்கும் பேர்ணில் உனக்கு அந்தக் கரைச்சலும் இல்லை.

மகள் .22 பிஸ்டல் பழகுகிறாள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். அவளின் மகசினுக்கு வேறு கணக்கு. .22 ரவைக்கு அடியில் விளிம்பு வெளியே நீட்டியிருக்கும். மேலேயிருக்கும் ரவையின் விளிம்பு கீழேயிருப்பதன் விளிம்புக்குப் பின்னால் போனால் இரண்டும் கொழுவிக்கொள்ளும், ஸ்லைடுக்குத் தள்ள முடியாது. ஒவ்வொன்றாகப் போடும்போது மேல் விளிம்பு முன்னால் நிற்கிறதா என்று மகசினின் பக்கத் திறப்பால் பார்த்துப் போடச் சொல். அவசரப்பட்டு இறக்குகிற பிள்ளைகளுக்குத்தான் இது வரும்.

ஸ்பிரிங் மாற்றிய பிறகு 2 ஆம் இலக்கத்தை உடனே போட்டிக்குக் கொண்டுபோகாதே. முதலில் இரண்டிரண்டாகப் போட்டுச் சுடு, ஏனென்றால் உன் நோய் கடைசி இரண்டில். பிறகு 8 நிரப்பிச் சுடு. 50 ரவையாவது அந்த மகசினால் மட்டும் ஒரு தடங்கலும் இல்லாமல் போகட்டும். வழக்கமாக 5 ரவைத் தொடராகச் சுடுகிறவர்கள் நிறைந்த மகசினைச் சோதிப்பதேயில்லை, முதல் ரவை இறுக்கம் அவர்களுக்குத் தெரிவதில்லை.

மகசினை இங்கே அனுப்பிப் பார்க்கச் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். இந்த நாட்டில் 1916 இன் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பிஸ்டல் மகசினோடு ஒரு பொதி சுங்கத்தில் பிடிபட்டால் விளக்கம் சொல்லப்போவது நான். படம் போதும். 3 மகசினையும் அருகருகே வைத்து, உதடுகளுக்கு நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கழற்றிய ஸ்பிரிங்குகளை அடிமட்டத்தோடு நிறுத்தி ஒன்று. வேர்னியர் அளவுகளையும் சேர்த்து எழுது.

அக்காவுக்கும் மகளுக்கும் என் அன்பு. ஆடியில் வருவதென்றால் முன்கூட்டிச் சொல், வீட்டு மேல்மாடியை ஒழுங்குபடுத்தி வைக்கிறேன்.

அன்புடன்,
ரவி