ரவுண்டானா சிற்பத்துக்கு டெண்டர் எழுதுமுன்

கடலோர நகரங்களின் மாநகராட்சி, நகராட்சி ஆணையர்களுக்கு வணக்கம்.

ரவுண்டானாவில் ஏதாவது வைக்கவேண்டும் என்றதும் மீன், வீணை, இல்லாவிட்டால் ஊர்ப்பெயர் கொட்டை எழுத்தில் என்றுதான் பெரும்பாலும் முடிவாகிறது. நவீன உலோகச் சிற்பம் என்றால் 'மக்களுக்குப் புரியாதே' என்ற பயம். 1967இல் சிகாகோவில் பிக்காசோ வடிவமைத்த 50 அடி எஃகுச் சிற்பத்தைத் திறந்தபோது, இது பறவையா, நாயா, பெண்ணா என்று ஊரே கேலி செய்தது. இதை எடுத்துவிட்டு ஒரு பேஸ்பால் வீரர் சிலையை வைக்கலாம் என்றுகூட நகரமன்ற உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்தார். பிக்காசோவோ அதற்குப் பெயரே வைக்கவில்லை. இன்று அதன் சரிவில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். புரியாமையை ஊர் சமாளித்துக்கொள்ளும். எனக்குக் கவலை துருதான்.

அந்தச் சிற்பம் கார்ட்டன் எஃகில் ஆனது. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து அதன்மேல் இறுகும் துருப்படலமே உள்ளே இருக்கும் எஃகைக் காக்கும். ஆனால் சிகாகோ நன்னீர் ஏரிக்கரை. நம் கடற்காற்றில் உப்பு படிந்து ஈரம் காயாமல் கிடந்தால் படலம் இறுகாது, துரு உதிர்ந்துகொண்டே போகும். ஆகவே படத்தைக் காட்டி 'இதே மாதிரி' என்று கேட்காதீர்கள்.

சரி, எவர்சில்வர்? அதிலும் ரகம் உண்டு. 304 உப்புக்காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும். மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 இன்னும் தாங்கும், விலையும் கூடுதல். டெண்டரில் வெறுமனே 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 20 அடி' என்று எழுதினால், குறைந்த விலை கேட்டவர் எதைக் கொண்டுவந்து இறக்குவார் என்று உங்களுக்கே தெரியும். அதைச் சாதா இரும்பு போல்ட்டால் முடுக்கினால் முதலில் அரிப்பது போல்ட்தான். ரவுண்டானாவில் அது சிற்பப் பிரச்சினை மட்டுமல்ல, பாதுகாப்புப் பிரச்சினையும்தான்.

316ஐயும் சும்மா விட முடியாது. அதே சிகாகோவில் இருக்கும், சிற்பி அனிஷ் கபூரின் 'கிளவுட் கேட்' என்ற எவர்சில்வர் சிற்பம் 168 தகடுகளை வெல்டிங் செய்து, இணைப்பே தெரியாமல் தேய்த்து மெருகேற்றியது. கைபடும் கீழ்ப்பகுதியைத் தினமும் துடைக்கிறார்கள். அவ்வளவு வேண்டாம், அவ்வப்போது நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவுங்கள். அதற்கான தொகையையும் டெண்டரிலேயே ஒதுக்குங்கள். விழாவுக்கு முதல் நாள் சில்வர் பெயின்ட் அடிக்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். செம்புச் சிற்பத்துக்கும் அப்படித்தான்: அதில் ஏறும் பச்சைக் களிம்பு சிற்பி எதிர்பார்த்த நிறமாகவே இருக்கலாம்.

யாரைக் கேட்பது என்று அலைய வேண்டியதில்லை. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகவே இருக்கிறது. கோயில் கவசங்களைப் பார்த்துச் செம்புத் தகட்டைத் தட்டி உருவெடுத்த பி.வி. ஜானகிராம், செம்பையும் பித்தளையையும் பற்றவைத்த எஸ். நந்தகோபால் எல்லாம் அந்த வட்டத்தவர்கள். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உள்ளன. பொறியாளரோடு ஒரு சிற்பியையும் உட்காரவையுங்கள், டெண்டர் எழுதும்போதே.

அப்புறம், கல்வெட்டு. திறந்துவைத்தவர் பெயர் எப்படியும் வரும். அதற்கு மேலே சிற்பியின் பெயரும், கீழே உலோகத்தின் ரகமும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கடலோர நகரவாசி ஒருவர்