பங்கான கதை: ரொறன்ரோ மச்சானுக்கு

யாழ்ப்பாணம்

அன்புள்ள மச்சான்,

பொதி வந்து சேர்ந்தது. சொக்லேற் பேரப்பிள்ளைகளிடம் போய்விட்டது, சட்டை எனக்குப் பெரிது, மூட்டுவலித் தைலம் மட்டும் சரியாகப் பொருந்தியது. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு. இங்கே எல்லோரும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் தனி மறைமாவட்டம் கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறது.

இதுவரை கிளைக் கோவிலாக இருந்த நம் அந்தோனியார் கோவில், தனக்கென்று ஒரு சுவாமியோடு தனிப் பங்கானதை நீ கைத்தொலைபேசியில் பார்த்திருப்பாய். ஜூன் 13 திருநாள் பூசை முடிய ஆயர் ஆண்டகை பங்கு அமைக்கும் ஆணையை வாசித்தார், வெடி கொளுத்தினார்கள், ‘ஆமென்’ வாத்தியார் வழக்கம்போல இரண்டு வரி முந்திக்கொண்டார். படம் பிடித்தவன் அதோடு நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் எல்லை. பங்கு என்றால் கோவில் என்று நீயும் நானும் நினைத்திருந்தோம். திருச்சபைச் சட்டப்படி அது ஒரு குறித்த நிலப்பரப்புக்குள் வாழும் மக்கள் கூட்டம். ஆகவே ஆணையில் வடக்கே இது, தெற்கே இது என்று காணி உறுதியைப்போல் எழுதியிருக்கிறது. கிழக்கு எல்லை கிணற்றடி ஒழுங்கை. ஒழுங்கைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் இதுவரை நாம் சேர்ந்திருந்த தாய்ப் பங்கு. அந்தப் பக்கத்தில் இருப்பது யார் வீடு? கோவிலுக்குக் காணி எழுதிக் கொடுத்த கிணற்றடியாரின் வீடு! பேரனுக்குக் கலியாணம் பேசியிருக்கிறார்கள், பெண்ணும் அதே பக்கம். பாட்டன் கொடுத்த மண்ணில் நிற்கும் கோவிலில் தாலி கட்டுவதற்கு அடுத்த பங்குச் சுவாமியிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். கிழவர் வேலியில் நின்று கத்தியது சந்தி வரைக்கும் கேட்டது. இதே யாழ்ப்பாண மறைமாவட்டத்திலிருந்து 1893இல் திருகோணமலையையும் 1981இல் மன்னாரையும் பிரித்தார்கள். அப்போது கூட இத்தனை சத்தம் எழுந்திருக்காது.

புதுச் சுவாமி இளம் ஆள், உள்நாட்டுப் பக்கத்தவர், கடல் தெரியாது. வந்த கிழமையே ஞாயிறு முதற்பூசையை ஐந்தரைக்கு வைத்தார். சனி இரவு கடல் தொழிலுக்குப் போகாத ஊரில் ஞாயிறு விடியற்காலை ஒருவரும் எழும்ப மாட்டார்கள் என்று அவருக்கு யார் சொல்வது? கோவில் மூப்பர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வெறும் வாங்குகளுக்குப் பூசை வைத்துப் பார்த்துவிட்டு அவரே ஆறரைக்கு மாற்றினார். கெட்டிக்காரர். பிழைத்துக்கொள்வார்.

அவர் விளக்கிய ஒரு விடயம் எனக்குள் இறங்கிவிட்டது. பங்குத்தந்தை ஒருவர் ஞாயிறுகளிலும் கடன் திருநாட்களிலும் (கட்டாயம் பூசை காண வேண்டிய நாட்கள்) ஒரு பூசையைத் தன் பங்கு மக்களுக்காகவே ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டவர். அதற்குப் பூசைக் காசு வாங்கக் கூடாது. யாரும் கேட்க வேண்டியதில்லை, யாரும் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. கிளைக் கோவிலாக இருந்த காலத்தில் தாய்ப் பங்குச் சுவாமி சைக்கிளில் வந்து, பூசை முடித்து, தேநீர் குடித்துப் போய்விடுவார். நாம் அவருடைய பட்டியலில் கடைசி வரி. இப்போது நம் குடிகாரன், நம் வட்டிக்காரி, என் முழங்கால் எல்லாவற்றையும் சேர்த்து ஒருவர் கடமையாகச் சுமக்கிறார். தான் தங்கும் அறைவீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றி அவர் இன்னும் வாய் திறக்கவில்லை.

பிறகு புத்தகங்கள். புதுப் பங்குக்குப் புது ஞானஸ்நானப் புத்தகம், விவாகப் புத்தகம், மரித்தோர் புத்தகம், முத்திரை எல்லாம் வந்தன. பழையவை தாய்ப் பங்கிலேயே இருக்கும், பிரிக்க மாட்டார்கள். உன் மகளின் கலியாணத்துக்கு நான் அலைந்து எடுத்து அனுப்பிய அத்தாட்சிப் பத்திரம் நினைவிருக்கிறதா? அது இனியும் அங்கேதான். ஆக, இந்தப் பங்குக்காக மனு எழுதிய நீயும், அதைக் கையில் கொண்டு திரிந்த நானும் இதன் ஞானஸ்நானப் புத்தகத்தில் இல்லை. மரித்தோர் புத்தகத்தில் நான் ஓர் இடம் பிடித்துவிடுவேன். உனக்கு அதுவும் கிடையாது, மச்சான்.

சிரிக்காதே. என் கவலை அங்கேதான் இருக்கிறது. மரித்தோர் புத்தகம் ஓடுகிறது, ஞானஸ்நானப் புத்தகம் நொண்டுகிறது. அறைவீட்டில் எழுத்து வேலைக்கு நான் போவதால் இரண்டையும் என் கையாலேயே எழுதுகிறேன். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளிலும் சிலர் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து, தலையில் தண்ணீர் ஊற்றி, படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள். மறைக்கல்விக்கு வருகிற பிள்ளைகள் வாசிகசாலை விறாந்தையில் இருக்கிறார்கள், மழை வந்தால் விடுமுறை. பாடகர் குழுவில் ஆண் குரல் என்றால் அது நான்தான். எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

இந்த நிலையில்தான் ரொறன்ரோவில் நீங்கள் குழுவாகக் கீறி அனுப்பிய புதுக் கோவில் படம் வந்தது. இரட்டைக் கோபுரம், பளிங்குத் தரை, வாசலில் ‘திருத்தலம்’ என்று பொன் எழுத்து. யாரடா அந்த எழுத்தைப் போடச் சொன்னது? திருத்தலம் என்று ஆயர் அங்கீகரிக்க வேண்டும், பெயர்ப் பலகை அடிப்பவன் அல்ல. புதுக் கோவில் கட்டுவதற்கும் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் தேவை. அதற்கு முன் அவர் குருக்கள் மன்றத்தைக் கேட்பார், அயல் கோவில் குருக்களையும் கேட்பார். அயல் என்றால் முதலில் நம் தாய்ப் பங்குச் சுவாமி. கிணற்றடி ஒழுங்கைச் சண்டை ஆறாத நேரத்தில் அவரிடம் போய் இரட்டைக் கோபுரம் கேட்கிறாயா?

உங்கள் அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. குளிரில் இரண்டு வேலை செய்து சேர்த்த காசு என்று தெரியும். ஆனாலும் ஒன்றை யோசி. 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது நீ வெளிநாட்டுக்குப் போய்விட்டிருந்தாய். அந்தோனியார் சுரூபத்தைப் படுக்கை விரிப்பில் சுற்றி என் சைக்கிள் கரியரில் கட்டினோம். கோவில் இங்கே ஆளில்லாமல் கிடந்தது. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், கரும்பலகைக்கு முன்னால் அந்தோனியாரை வைத்துச் செபமாலை சொன்னோம். பங்கு என்ற பெயர் அப்போது எங்களுக்கு இல்லை. ஆனால் ஆளுக்கு ஆள் அரிசி பகிர்ந்ததும், பிரசவத்துக்குப் பெண்கள் சேலை கட்டி மறைத்து நின்றதும் அங்கேதான்.

அதற்கும் முந்தின கதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், யோசேப் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். சில்லாலைச் சனங்கள் அவரை ஒளித்து வைத்தார்கள், இரவில் வீடுகளில் பூசை நடந்தது. அவரைப் பாப்பரசர் 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் புனிதராக அறிவித்தபோது நாம் இரண்டு பேரும் தொலைபேசியில் அழுதோம். நல்லூரில் இருந்துகொண்டு ஞானப்பிரகாசர் சுவாமியார் சுற்றுக் கிராமங்களில் எழுப்பியவையும் சின்னச் சின்னக் கோவில்களே. அவற்றுக்கு ஆட்கள் வந்தார்கள்.

ஆகவே என் கணக்கு இது. முதலில் அறைவீட்டுக் கூரை. அடுத்தது மறைக்கல்விக்கு இரண்டு அறை, நல்ல காற்றோட்டத்தோடு. மூன்றாவது, ஆர்மோனியம் பழக்க ஓர் ஆசிரியருக்குச் சம்பளம். எல்லாப் பிள்ளைகளும் படிக்கலாம், வேதக்காரப் பிள்ளைகள் மட்டும் என்று வைத்தால் நான் கணக்கு எழுத மாட்டேன். காசைப் பங்கின் நிதிக்குழுப் பெயருக்கு அனுப்புங்கள். தனி ஆட்களின் கணக்குக்கு வேண்டாம். யாரை நினைத்துச் சொல்கிறேன் என்று உனக்கு விளங்கும். கோபுரம் பிறகு பார்க்கலாம், ஒரு கோபுரம், திருத்தலம் இல்லாமல்.

பெரியக்காவுக்குக் கண் சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது, இப்போது எல்லோருடைய குறையும் தெரிகிறது என்கிறாள். ‘ஆமென்’ வாத்தியார் உன்னிடம் ஒரு கேட்கும் கருவி கேட்கச் சொன்னார், நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்.

உங்கள் படத்தை நான் இன்னும் சுவாமிக்குக் காட்டவில்லை. அலுமாரியில் இருக்கிறது. உன் குழுவோடு கதைத்துவிட்டு எழுது, அதற்குப் பிறகு காட்டுவதா கிழிப்பதா என்று முடிவு செய்கிறேன்.

உன் மச்சான்