அப்பா சிரித்த படம் 'டூப்ளிகேட்' இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியில் இடம் போதவில்லை என்றால் டூப்ளிகேட் போட்டோக்களை நீக்கும் மென்பொருளை ஓட்டிவிடுங்கள், சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும் என்று உங்கள் கணினிப் பகுதியில் போன வாரம் எழுதியிருந்தீர்கள். இடம் கிடைக்கும், சரிதான். ஆனால் எதை வைப்பது, எதை நீக்குவது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி தெரியாததால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2018-ல் திருக்கடையூரில் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் செய்தோம். கலச நீர் ஊற்றும்போது தம்பி கேமராவில் அடுத்தடுத்து எட்டு படம் எடுத்தான். ஒன்றில் அப்பா கண்ணை இறுக மூடியிருக்கிறார், அடுத்ததில் முகமெல்லாம் தண்ணீர் வழிய அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சிரித்த படத்தைச் சித்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட, அது நாலைந்து முறை சுற்றி வந்து, கேமராப் படங்கள் ஏற்கெனவே இருந்த என் கணினியிலும் சேர்ந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கணினி மெதுவாக ஓடுகிறது என்று சர்வீசுக்குக் கொடுத்தேன். கடையில் இருந்த பையன், நல்ல எண்ணத்தில்தான், டூப்ளிகேட் நீக்கும் ஏதோ ஒரு கிளீனர் மென்பொருளை ஓட்டி, 'புதியதை மட்டும் வை' என்று டிக் போட்டு, மற்றதையெல்லாம் நீக்கி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து கொடுத்துவிட்டான். புதியது எது? கடைசியாக வந்து சேர்ந்த வாட்ஸ்அப் பிரதி.

போன மாசியில் அப்பா தவறிவிட்டார். பதினாறாம் நாளுக்குள் அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார். ஸ்டூடியோக்காரர் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். நெற்றியில் விபூதிப் பட்டை மூன்றும் ஒன்றாகக் கலந்து, மீசை கட்டம் கட்டமாகத் தெரிந்தது. "இது வாட்ஸ்அப்ல வந்ததும்மா, ஒரிஜினல் இருக்கா?" என்றார். கேமரா கார்டில் தம்பி அப்புறம் எத்தனையோ படம் எடுத்துவிட்டான். கடைசியில் பென்ஷனுக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டோம். அதில் அப்பா சிரிக்கவில்லை.

அதன் பிறகு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டது இது. 'அதே படம்' வேறு, 'அதே மாதிரி படம்' வேறு. முதல் வகையில் இரண்டு ஃபைலும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரி ஒரு எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடுவார்கள், அதில் ஒன்றை நீக்கினால் நஷ்டம் கிடையாது. இரண்டாவது வகையில் மென்பொருள் படத்தைச் சின்னஞ்சிறு கட்டங்களாகச் சுருக்கிவிடும். ஒரு முறையில் வெறும் 64 கட்டம்தான். ஒவ்வொன்றும் சராசரியைவிட வெளிச்சமா இருட்டா என்பதை மட்டும் பார்க்கும். 64 கட்டத்தில் அப்பாவின் கண் திறந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அதனால்தான் எட்டு படமும் அதற்கு ஒன்றாகிவிட்டது. இந்த வகையை மனிதர்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும், எவ்வளவு நேரமானாலும் சரி.

வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைச் சாதாரணமாக அனுப்பும்போது அது சுருக்கப்படுகிறது, எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்களும் போய்விடுகின்றன. ஆண்ட்ராய்டு போனிலிருந்து எடுத்து வைத்ததாக இருந்தால், ஃபைல் பெயரில் தேதிக்குப் பின்னால் 'டபிள்யூ ஏ' என்ற எழுத்துகள் இருக்கும், பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். பெரிய ஃபைலை வையுங்கள், தேதி பார்த்துப் புதியதை வைக்காதீர்கள்.

நான் இப்போது பயன்படுத்துவது டூப்குரு என்ற மென்பொருள், இலவசம். கேமராப் படங்கள் இருக்கும் ஃபோல்டரை அதில் 'ரெஃபரன்ஸ்' என்று குறித்துவிட்டால் அங்கிருந்து எதையும் நீக்காது. அன்று அந்தப் பையனுக்கு இது ஒன்று தெரிந்திருந்தால் போதும். நீக்குவதற்குப் பதில் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தும் வசதியும் உண்டு. நான் எல்லாவற்றையும் நகர்த்தி ஆறு மாதம் வைத்திருந்துதான் நீக்குகிறேன். முதலில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் முழுப் பிரதி எடுத்துக்கொள்வது கட்டாயம். இன்னொன்று, இணையத்தில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் ஒன்டிரைவ் போன்றவற்றோடு இணைந்திருக்கும் ஃபோல்டரில் அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும், இது பலருக்குத் தெரிவதில்லை.

ஆசிரியர் அவர்களே, தயவுசெய்து இதைப் படிப்படியாகப் படங்களுடன் ஒரு முறை எழுதுங்கள். தீபாவளிக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள்தான் அப்பா அம்மாவின் கணினியைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதற்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தென்காசி