மண்ணு கோட்டைய விட்டுட்டீங்களே

ஆசிரியருக்கு வணக்கம்,

ராஜஸ்தான் கோட்டைகள் பத்தி உங்க ஞாயிறு மலர்ல வந்த கட்டுரை படிச்சேன், நல்லாதான் இருந்துச்சு, ஆனா சித்தூர், கும்பல்கர், ஜெய்சால்மர்னு கல்லு கோட்டையாவே சுத்திட்டு மண்ணு கோட்டை இருக்கற பரத்பூர் பேர ஒரு இடத்துல கூட சொல்லாம முடிச்சிட்டீங்க. சொன்னா பறவை சரணாலயம்னுதான் சொல்வாங்க, அதுவும் பரத்பூர் ராஜாக்களோட வாத்து வேட்டைக் காடா இருந்ததுதான், 1938ல வைஸ்ராய் லின்லித்கோ வந்தப்ப ஒரே நாள்ல 4,273 பறவைய சுட்டுத் தள்ளினாங்களாம், கொடுமை.

பரத்பூர ஆண்டவங்க ராஜபுத்திரர் இல்லீங்க, ஜாட்டுங்க. சின்சினிங்கற கிராமத்துக்காரங்க, அதான் சின்சின்வார்னு பேரு. ஏர் புடிச்ச கூட்டம் ஔரங்கசீப் காலத்துல கலகம் பண்ண ஆரம்பிச்சு ராஜாராம், சூராமன், பதன் சிங்னு வந்து சூரஜ்மல் காலத்துல ஆக்ரா கோட்டையையே 1761ல புடிச்சிட்டாங்க. அதே வருஷம்தான் பானிபட் போர், ஆப்கான் அப்தாலிகிட்ட மராத்தியர் தோத்தது. பொம்பளைங்களையும் கனமான பீரங்கியையும் பின்னாடி விட்டுட்டு மறைஞ்சிருந்து அடிங்கனு மராத்தா தளபதி சதாசிவராவ் கிட்ட சூரஜ்மல் முன்னாடியே சொல்லிப் பாத்தாரு, அவரு கேக்கல, இவரும் கோவிச்சிட்டு வந்துட்டாரு. ஆனா தோத்து ஓடி வந்த மராத்தியருக்கு சோறு போட்டு காயத்துக்கு மருந்து போட்டு ஊருக்கு அனுப்பி வச்சது யாரு? இவரேதான்! எனக்கு இவர புடிக்கிறதே இதுக்காகத்தான்.

கோட்டைக்கு வர்றேன். லோஹாகர்னு பேரு, இரும்புக் கோட்டைனு அர்த்தம், ஆனா வெளிச்சுவரு மண்ணு. 1805ல இங்கிலீஷ்காரங்கள எதுத்த மராத்தா ராஜா ஹோல்கருக்கு அடைக்கலம் குடுத்தாங்கனு இங்கிலீஷ் தளபதி லேக் பிரபு படையோட வந்து நாலு தடவ ஏறிப் பாத்தாரு, நாலு தடவயும் தோல்வி, 3,000 பேருக்கு மேல சேதம். குண்டு பட்டா கல்லு சிதறும், தடிமனான மண்ணு அப்படியே முழுங்கிடும், சுத்தி அகழி வேற. கடைசில சமாதானம் பேசிட்டுதான் போனாரு. 1826ல இன்னொரு இங்கிலீஷ் தளபதி காம்பர்மியர் புடிச்சாரே, அதுக்கும் பீரங்கி பத்தாம சுவத்துக்கு அடியில சுரங்கம் தோண்டி வெடி வைக்க வேண்டியதாப் போச்சு.

இதப் பத்தி தனியா ஒரு கட்டுரை போடுங்க சார், இதே ராஜாக்களோட டீக் ஊர் அரண்மனை போட்டோவோட. 1805ல கோட்டைய காத்த ராஜா பேரும் ரஞ்சித் சிங்தான், அவசரத்துல பஞ்சாப் ரஞ்சித் சிங் படத்தப் போட்டுடாதீங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்