நீ சொன்ன மாதிரியே வெட்டிட்டாங்கடா

டேய் மாப்ள,

எட்டு மாசம் ஆச்சு. மெசேஜுக்கு பதில் போடல, பொறந்தநாளுக்கு ஒரு போன் பண்ணல, எல்லாம் தெரியும், திட்டு, ஆனா முழுசா படிச்சுட்டு திட்டு. அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? சின்னவ காலேஜ்ல சேந்துட்டான்னு தாடி சொன்னான், ரொம்ப சந்தோஷம். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். சரி, விஷயத்துக்கு வரேன்.

நாம அடிச்சுக்கிட்டோமே அந்த எண்ணெய் கம்பெனி, ஷேர் வெச்சிருக்கறவங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவ தர்ற பணத்த, அந்த டிவிடெண்ட வெட்டிட்டாங்க.

சிரிச்சு முடிச்சியா? இன்னும் கொஞ்சம் சிரிச்சுக்கோ, நான் வெயிட் பண்றேன்.

போன வியாழக்கிழமை காலைல ஏழு மணிக்கு ரிசல்ட் வந்துச்சு. பல்லு கூட வெளக்கல, மொபைல வெச்சுக்கிட்டு பாத்ரூம் வாசல்லயே நின்னு படிக்கறேன். மொத பக்கம் பூரா வலுவான செயல்பாடு, ரெண்டாவது பக்கம் நீண்டகால மதிப்பு, அப்புறம் ஹெல்மெட் போட்டுக்கிட்டு சிரிக்கற நாலு பேர் போட்டோ, எங்கடா டிவிடெண்டுன்னு தள்ளிக்கிட்டே போறேன், பதினோராம் பக்கத்துல ஒரு பத்திக்கு நடுவுல ஒளிச்சு வெச்சிருக்கான். அதுவும் குறைச்சோம்னு ஒரு வார்த்தை கிடையாது. டிவிடெண்ட் கொள்கைய ரீசெட் பண்ணிருக்காங்களாம். முன்னாடி மூணு குடுத்த எடத்துல இனிமே ஒண்ணு. நம்ம ரெண்டணா வாங்கின கடன திருப்பித் தராம "பழைய கணக்க விடுடா, புதுசா ஆரம்பிப்போம்"பானே, அதே டயலாக்தான், இவன் கோட்டு போட்டுக்கிட்டு சொல்றான்.

அதுக்கப்புறம் நம்ம பழைய கும்பல்ல ஒரே அமளி. ஒருத்தன் சிஇஓவ தூக்கணும்ங்கறான், இன்னொருத்தன் விலை விழுந்திருக்கு இன்னும் அள்ளுங்கறான், கீசர் இருக்கான் பாரு, அவன் எக்ஸ் டேட்டுக்கு, அதாவது அன்னிலேர்ந்து வாங்கறவனுக்கு அந்த டிவிடெண்ட் கெடையாதுங்கற தேதிக்கு, முந்தின நாள் வாங்கி டிவிடெண்ட பிடிச்சுக்கிட்டு மறுநாளே வித்துருவேன்னு இத்தன வருஷமா தெறமையா பண்ணிட்டு இருக்கறதா நெனச்சுக்கிட்டு இருக்கான், எக்ஸ் டேட் அன்னிக்கு ஷேர் கிட்டத்தட்ட அந்த டிவிடெண்ட் அளவுக்கு கொறஞ்சுதான் தொறக்கும்னு நீ அவனுக்கு எத்தன தடவ சொல்லிருப்ப, ஒரு பாக்கெட்லேர்ந்து எடுத்து இன்னொரு பாக்கெட்ல போடறான், நடுவுல ப்ரோக்கருக்கு கமிஷன். இந்த தடவ அறிவிப்புக்கு முன்னாடியே ஏகப்பட்டது வாங்கி வெச்சுட்டானாம். ரெண்டு நாளா ஆளையே காணோம்.

எல்லாருக்கும் ரொம்ப எரிச்சல் என்னன்னா, அதே அறிக்கைல சொந்த ஷேர திருப்பி வாங்கற பைபேக்கும் இருக்கு. டிவிடெண்டுக்கு காசில்லையாம், ஷேர வாங்கிப் போட காசு இருக்காம். மோடிக்லியானி, மில்லர்னு ரெண்டு பொருளாதார ப்ரொபசருங்க 1961லயே எழுதி வெச்சுட்டாங்க, வரி, கமிஷன் எதுவும் இல்லாத உலகத்துல கம்பெனி டிவிடெண்டா குடுத்தாலும் ஒண்ணுதான், குடுக்காம உள்ளயே வெச்சுக்கிட்டாலும் ஒண்ணுதான், காசு வேணும்கறவன் நாலு ஷேர வித்துக்கட்டும்னு. பேப்பர்ல சரிதான். மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஏழு ஷேர் விக்கணும்னு வயசானவங்ககிட்ட போய் சொல்லிப் பாரு.

நானும் அன்னிக்கு மத்தியானம் ரிசல்ட் பத்தி கம்பெனி நடத்தின கான்பரன்ஸ் கால்ல உக்காந்து கேட்டேன். கேக்கலாம், அவ்ளோதான், வாய தொறக்க முடியாது. பேங்க் ஆளுங்க மாத்தி மாத்தி கேக்கறாங்க, அடுத்த வருஷம் தோண்டறதுக்கு எவ்ளோ, கடன் எவ்ளோ, பேரல் என்ன விலைக்கு இருந்தா கட்டுபடியாகும்னு. நியாயமான கேள்விங்கதான். ஆனா ஒரு மணி நேரத்துல டிவிடெண்ட நம்பி வீடு நடத்தறவங்கள பத்தி ஒருத்தரும் கேக்கல. நம்மள மாதிரி ப்ரோக்கர் பேர்ல இருக்கற கணக்குல (நாமினி கணக்கும்பாங்க) ஷேர் வெச்சிருக்கறவன் பேரு ஷேர்ஹோல்டர் ரிஜிஸ்டர்லயே இருக்காது, யாருக்காக யாரு கேக்கப்போறா.

சரி, அந்த ராத்திரி மொட்ட மாடில போட்ட சண்டைக்கு வரேன். நீ வித்துட்டேன்னு சொன்னதும் உன்ன பயந்தாங்கொள்ளின்னு சொன்னேன், அதுக்கு முன்னாடி வேற ஒரு வார்த்தையும் சொன்னேன், அத எழுத முடியாது. ஷெல் எண்ணெய் கம்பெனி ரெண்டாம் உலகப்போர் காலத்துலேர்ந்து டிவிடெண்ட கொறச்சதே இல்லன்னு பெருமையா சொல்லிட்டு இருந்தவங்க 2020 ஏப்ரல் 30 காலைல என்ன ஆனாங்கன்னு நீ கேட்ட. ஒரு ஷேருக்கு 47 சென்ட் குடுத்தது 16 ஆச்சு. அதுக்கு பத்து நாள் முன்னாடிதான் அமெரிக்க கச்சா எண்ணெய் ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலர்ல முடிஞ்சுது, எண்ணெய எடுத்துட்டுப் போறவனுக்கு நாம காசு குடுக்கற நெலம. ஆகஸ்ட்ல பிபிங்கற பிரிட்டன் எண்ணெய் கம்பெனி 10.5 சென்ட்ட அப்படியே பாதியாக்குச்சு. ஆக்ஸிடென்டல்னு ஒரு அமெரிக்க எண்ணெய் கம்பெனி 79 சென்ட்ட 11 ஆக்கி, அதுவும் தாங்காம 1 சென்ட்டுக்கு கொண்டு வந்துச்சு. நீ வெரல் விட்டு எண்ணிக்கிட்டே இருந்த, எனக்கு கோவம் ஏறிக்கிட்டே இருந்துச்சு.

நான் பதிலுக்கு எக்ஸான் எண்ணெய் கம்பெனிய எடுத்துப் பேசினேன். அந்த வருஷம் 22.4 பில்லியன் டாலர் நஷ்டம், ஆனாலும் டிவிடெண்ட்ல கை வெக்கல. கடன் வாங்கி குடுத்தான்னு நீ சொன்ன, கடன் வாங்கற தெம்பு இருந்துச்சு குடுத்தான்னு நான் சொன்னேன். அந்த ஒரு எடத்துல மட்டும் நான் தோக்கல, ஒத்துக்கோ, ரெண்டே வருஷத்துல எண்ணெய் வெல ஏறி அவன் தலை நிமிந்துட்டான். ஆனா நம்ம கம்பெனிக்கு அந்த தெம்பு இருக்கான்னு நான் பாக்கவே இல்ல. பாக்கற மாதிரி பக்கத்த தொறந்து வெச்சுக்கிட்டு டிவிடெண்ட் இருக்கற லைன மட்டும் பாத்தேன்.

அப்புறம் நீ செங்கல் கதை சொன்ன, ஞாபகம் இருக்கா? எண்ணெய் கம்பெனி டிவிடெண்ட வாடகைன்னு நெனக்காத, வாடகை வீடு அடுத்த மாசமும் அப்படியே நிக்கும், இது வீட்டுச் சுவத்துலேர்ந்து தெனம் நாலு செங்கல உருவி வித்து அதுல ஒரு பங்க உன் கைல குடுக்கறது, கிணத்துல ஊறறது வருஷா வருஷம் கொறையும், வேற எடத்துல தோண்டிக்கிட்டே இருந்தாதான் நிக்கும், தோண்டவும் காசு வேணும் உனக்கு குடுக்கவும் காசு வேணும் ரெண்டும் ஒரே பைலேர்ந்துதான்னு. அன்னிக்கு உளறாதன்னு சொன்னேன். இப்ப அறிக்கைய தொறந்து வெச்சுக்கிட்டு கணக்கு போட்டேன்டா. ரெண்டு வருஷமா கைல நின்ன காச விட டிவிடெண்ட் ஜாஸ்தி. மிச்சத்துக்கு கடன். மார்ஜின்ல பென்சில்ல கழிச்சுப் பாத்தா வந்துருது, அவ்ளோ சின்ன கணக்கு.

அன்னிக்கு நீ சொன்ன இன்னொண்ணும் மண்டைக்குள்ளயே இருக்கு. 2010ல மெக்சிகோ வளைகுடால பிபிக்காக கடல்ல எண்ணெய் தோண்டிட்டு இருந்த அந்த ரிக் வெடிச்சப்ப, ஜூன் 16 வெள்ளை மாளிகைல ஒபாமாவ பாத்துட்டு வந்து பிபி மூணு குவார்ட்டர், அதாவது ஒம்போது மாச டிவிடெண்ட நிறுத்துச்சு, 20 பில்லியன் டாலர் ஈட்டுக்கு ஒதுக்குச்சு, பென்ஷன்காரங்க வயித்துல அடிக்கறாங்கன்னு பிரிட்டன்ல ஒரே கூச்சல். நான் அதத்தான் பெருசா பேசிட்டு இருந்தேன். நீ ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம இருந்துட்டு, செத்துப்போன 11 பேர் வீட்ல குவார்ட்டருக்கு ஒரு தடவ என்னடா வரும்னு கேட்ட. நான் எழுந்து கீழ எறங்கிப் போயிட்டேன். எட்டு மாசம் பேசாம இருந்ததுக்கு காரணம் ஷேர் இல்ல மாப்ள, அந்த கேள்விதான்.

ஆனா இதுக்காக மட்டும் இந்த லெட்டர் இல்ல. உன்கிட்ட மறச்ச விஷயம் ஒண்ணு இருக்கு.

அத்தையும் வாங்கிருக்காங்க.

ஆமா, நம்ம ரெண்டு பேருக்கும் வாய்ப்பாடு சொல்லிக் குடுத்த அதே அத்தைதான். ரிட்டயர் ஆன காச என்ன பண்றதுடான்னு ஒன்றர வருஷம் முன்னாடி என்கிட்ட கேட்டாங்க. நான்தான் சொன்னேன், பதினொண்ணு பர்சென்ட் டிவிடெண்ட் அத்தை, பேங்க்ல எவன் குடுக்கறான்னு. முழுசும் இல்ல, பாதி. பாதின்னா கம்மியான்னு கேப்ப, கம்மி இல்ல. நீ வித்துட்டேன்னு சொன்ன அன்னிக்கு நான் அந்த குதி குதிச்சதுக்கு இதான் காரணம், நீ சொல்றது சரின்னா நான் அவங்களுக்கு பண்ணது என்னன்னு ஆயிடும்ல.

சனிக்கிழமை நேர்ல போனேன். போன்ல சொல்ல தைரியம் வரல. அவங்க ஒரு நீள நோட்டு வெச்சிருக்காங்கடா, ஸ்கேல் வெச்சு கோடு போட்டு, தேதி, வந்த தொகை, எதுக்கு செலவுன்னு மூணு கட்டம். டிவிடெண்ட் வந்த ஒவ்வொரு தடவயும் பக்கத்துல கண் சொட்டு மருந்து, பிரஷர் மாத்திரை, கரண்ட் பில். அடுத்த குவார்ட்டருக்கும் கட்டம் போட்டு, தேதி எழுதி, தொகைய மட்டும் காலியா விட்டு வெச்சிருந்தாங்க. நான் அத பாத்துக்கிட்டே சொன்னேன், மூணுல ஒண்ணு ஆயிடுச்சு அத்தைன்னு.

கத்தல, ஒண்ணும் பண்ணல. கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டு, "அந்த பதினொண்ணு எப்படிடா வந்துச்சு, போட்டுக் காட்டு"ன்னாங்க. போட்டேன். ஷேர் விலை நூறா இருந்து டிவிடெண்ட் அஞ்சுன்னா அஞ்சு பர்சென்ட் அத்தை, விலை நாப்பத்தஞ்சா எறங்குச்சுன்னா அதே அஞ்சு பதினொண்ணு பர்சென்ட் ஆயிடும்னு. ஒரு நிமிஷம் பேப்பரயே பாத்தாங்க. "தொகுதி அப்படியே இருக்கு, பகுதி சுருங்கிருக்கு. அவன் ஜாஸ்தி குடுக்கலடா, வாங்கறவங்க பயந்து ஓடிருக்காங்க. இது அஞ்சாங்கிளாஸ் பின்னம், நான்தான உங்க ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுத்தேன்"னாங்க.

அப்புறம் கேட்டாங்க, "இது உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

தெரியும் மாப்ள. விலை பாதிக்கு மேல எறங்கினதாலதான் பதினொண்ணு ஆச்சுன்னு எனக்கு நல்லா தெரியும். ஏறிடும்னு நெனச்சேன். அவங்ககிட்ட பதினொண்ண மட்டும் சொல்லிட்டு மீதிய சொல்லல. பொய்யுனு சொல்ல முடியாது, ஆனா நீயே சொல்லு அது என்னன்னு. நான் தலைய ஆட்டினேன், ஆமான்னு. அவங்க பேனாவ வெச்சுட்டு பென்சில் எடுத்து அந்த காலி கட்டத்துல புது தொகைய எழுதினாங்க. மூணாவது கட்டத்துல கண் மருந்து மட்டும் எழுதிட்டு நோட்ட மூடிட்டாங்க.

நீங்க வாங்கின வெலைக்கே உங்க ஷேர நான் எடுத்துக்கறேன் அத்தைன்னு சொன்னேன். அதுக்குதான் மொறச்சாங்க. அந்த மொறப்பு உனக்கு தெரியும்ல, எட்டாம் வாய்ப்பாட்டுல முழிச்சா வருமே. "விக்கறதா வேணாமான்னு நான் யோசிச்சுக்கறேன், நீ இனிமே எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். வித்துட்டு வந்தானே அவன், அவன எனக்கு போன் பண்ணச் சொல்லு"ன்னுட்டாங்க.

அதான் எழுதறேன். நேத்து ராத்திரி பூரா பழைய விஷயத்த எல்லாம் உக்காந்து படிச்சேன், லிண்ட்னர்னு ஒரு ப்ரொபசர் 28 கம்பெனிக்குப் போய் விசாரிச்சு 1956ல எழுதினது, மேனேஜருங்க டிவிடெண்ட கொறைக்க அவ்ளோ பயப்படுவாங்க, தாங்கும்னு தெரிஞ்சாதான் ஏத்தவே செய்வாங்கன்னு. அப்படி இருக்கறவன் மூணுல ஒண்ணாக்கறான்னா உள்ள இன்னும் என்ன இருக்கோ, இல்ல ஒரேடியா வெட்டினதால இனிமேதான் கம்பெனி மூச்சு விடுமோ, ஷெல் கூட வெட்டின அதே வருஷ கடைசிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா திரும்ப ஏத்த ஆரம்பிச்சுது, எனக்கு ரெண்டு பக்கமும் தோணுது, ரெண்டு பக்கமும் நான் சொன்னா அத்தை நம்ப மாட்டாங்க. நம்பாததுதான் சரி.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பண்ணு, அதுக்கு முன்னாடி தூங்குவாங்க. எடது காது சரியா கேக்கறதில்ல, சத்தமா பேசு. என்ன காப்பாத்தறேன்னு எதுவும் பூசி மெழுகாத, அன்னிக்கு மொட்ட மாடில நீ சொன்னத எல்லாம் நானே சொல்லிட்டேன், செங்கல் கதை உள்பட. உன்கிட்டயும் பின்னம் கேப்பாங்க, ஒரு தடவ போட்டுப் பாத்துக்கோ.

என்னோட 800 ஷேர் இன்னும் அப்படியேதான் இருக்கு. அத பத்தி நீ ஒண்ணும் சொல்லாத, அத்தைகிட்ட பேசிட்டு வந்து சொல்லு.

உன்
மாப்ள